ஆஸ்பத்திரி போன்

"பெத்த மகளே கேலி பண்ணிட்டா. இனிமே அவகிட்ட எனக்குப் பேச்சே கிடையாது!"

சலூன் நாற்காலியில், பாதிக் கன்னத்தில் நுரையோடு கத்தினார் வாட்ச்மேன். வேலை போய் மூன்று வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் வாட்ச்மேன்தான்.

"ஆடாதீங்கண்ணே, கத்தி பட்டுடும். அப்படி என்ன பண்ணிட்டா?" என்றார் சலூன்காரர்.

"போன வாரம் வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எப்படி அதட்டுவே, செஞ்சு காட்டுப்பான்னா. நானும் ரோஷம் கெட்டுப்போய் அதட்டிக் காட்டினேன். கையில போனை வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா!"

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேக்க? ஏதோ சொல்ல வந்தா. துண்டை உதறிட்டு வெளியே வந்துட்டேன். தானாத் திறக்கிற கேட்டைப் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அதே ஆஸ்பத்திரியிலதான் இவளுக்கு போன் பாக்கிற வேலை. கேலிக்குக் கேக்கணுமா?"

வேலை போன அன்றிலிருந்து அவர் ஆஸ்பத்திரித் தெருப் பக்கமே போவதில்லை. காய்ச்சல் வந்தாலும் மருந்துக்கடையோடு சரி.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். "ஆஸ்பத்திரி போனை இன்டர்நெட்டுக்கு மாத்தினதிலேர்ந்து ஒரே தொல்லைண்ணே. லோன் வேணுமா, மனை வேணுமான்னு மெஷினே ஓயாமக் கூப்பிட்டு லைனை அடைச்சுக்கும். என் மருமக பிரசவ வலியில துடிக்கிறா, ஆம்புலன்ஸுக்கு லைனே கிடைக்கல. பக்கத்து வீட்டு வண்டியில போட்டுக்கிட்டு ஓடினோம்."

"பாத்தியா? மெஷினை நம்பினா அப்படித்தான்!"

"அதுக்குத்தான் உங்க பொண்ணு போனுக்கு ஒரு காவல் போட்டா. யார் கூப்பிட்டாலும் முதல்ல ஒரு பதிவுக் குரல் கேக்கும். ஒண்ணை அமுக்கினாத்தான் உள்ளே போகலாம். விளம்பர மெஷினுக்கு அமுக்கத் தெரியாது, வெளியவே நின்னுடும்."

"அப்புறம் என்ன?"

"அது கொஞ்சிக் கொஞ்சிப் பேசற குரல். இதுவும் விளம்பரம்னு நோயாளிங்களே போனை வெச்சுட்டாங்க. போன வாரம் குரலை மாத்தினா பாருங்க, இப்ப மறுபேச்சில்லாம அமுக்கறாங்க."

சலூன்காரர் தன் போனில் ஆஸ்பத்திரி நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"யாரு? யாரைப் பாக்கணும்? சும்மா வந்தவன் வெளியே நில்லு! உசுருக்கு ஆபத்துன்னா கேள்வியே இல்ல, உள்ளே போ!"

வாட்ச்மேன் போனை உற்றுப் பார்த்தார். அவர் குரல். அதன் பின்னாலேயே மகளின் குரல் வந்தது. "உள்ளே போக, ஒன்றை அழுத்துங்கள்."

"ஊருக்கே பழகின குரலாச்சே! நம்ம வாட்ச்மேன் நிக்கிறாருன்னு ஒரு தைரியம். அமுக்குங்கண்ணே, மகதான் எடுப்பா."

வாட்ச்மேன் எழுந்தார். நுரை வழிய, நெஞ்சை நிமிர்த்தி, போனை வாங்கி லைனைத் துண்டித்தார்.

"என்னண்ணே, இன்னுமா கோபம்?"

"மககிட்ட வீட்டுல பேசிக்கிறேன். சும்மா கூப்பிடறவனையெல்லாம் உள்ளே விட்டா, அப்புறம் வாசல்ல நான் எதுக்கு நிக்கிறேன்?"