எழுபத்திநாலு வயதுப் பேச்சிலர்

இந்தக் காலத்தில் ஒருத்தன் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லக்கூட எவனுக்கும் துப்பில்லை. அதற்கும் ஒரு கதவை வைத்துவிட்டான்.

குடும்ப நகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். பேத்தியின் பள்ளிக்கூடம் எதிரிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் யாரென்று எவருக்கும் தெரியாது. கதவுதான் ஆளைப் பார்த்துக் குடிவைக்கும். மகள் கயல்விழி, மருமகன், பேத்தி மூவருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குச் சிவப்பு.

“தனி ஆண். பேச்சிலருக்கு அனுமதி இல்லை,” என்றது கதவு.

“நாப்பத்தோரு வருஷம் ஒருத்தியோட குப்பை கொட்டியிருக்கேன். நான் பேச்சிலரா?”

“மனைவி இப்போது உடன் இருக்கிறாரா?”

“போன தை மாசம் செத்துட்டா.”

“வருந்துகிறோம். பேச்சிலர்.”

துக்கம் விசாரிக்க வந்த என் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கதவு பரவாயில்லை. காபி கேட்கவில்லை.

“மூவருக்கும் சம்மதம் என்றால் ஒருவர் என்மேல் கை வைத்தால் போதும். தாத்தா விருந்தாளியாக மாலை ஆறு மணிவரை வந்துபோகலாம்.”

கயல்விழி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்த ஏரியால வேற வீடே கிடைக்காதுப்பா. கொஞ்ச நாள் மட்டும் நீங்க ஏதாவது மேன்ஷன்ல ரூம் எடுத்து...”

“வைம்மா, கையை வை. புள்ள படிக்கணும்ல.”

வைத்தாள். கதவு திறந்தது. நான் என் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

“திருமணம் ஆனதும் மீண்டும் வருக,” என்றது கதவு.

“அப்ப நீயே ஒரு பொண்ணு பாரு!” என்று திரும்பாமலே கத்தினேன்.

பெண்ணும் பேத்தியும் உள்ளே இருக்கிறார்கள், வெளியே போகிறவன் பேச்சிலராம். எந்த ஊர் நியாயமோ.