அமோனியா

“ஏட்டி, கதவிடுக்குல துணிய நல்லாத் திணி! ஒரு பொட்டுக் காத்து உள்ள வரப்படாது.”

மாரித்தாய் அதட்ட, முத்துராணி ஈரத் துணியை விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். இன்னும் இரண்டு பெண்கள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏரல் ரோட்டில் இருந்த அந்த இறால் கம்பெனியின் சூப்பர்வைசர் குமரகுருபரன், பேக்கிங் அறையின் தெர்மாகோல் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்தார். மூக்கில் ஈரத் துண்டு. கம்பெனியில் எப்போதும் வீசும் நெடிதான். இப்போது அது தொண்டையைப் பிடிக்க வருவது போலிருந்தது.

முற்றத்துக்குக் கிளம்பியவரை மாரித்தாய்தான் ஓடி வந்து மறித்தாள். “சார், ஐஸ் ரூம்ல அமோனியாக் குழாய் வெடிச்சிட்டு! வாங்க, வாங்க!” கையைப் பிடித்து இழுத்து, இந்த அறைக்குள் தள்ளித் தாழ் போட்டுவிட்டாள்.

பத்து வருஷத்துக்கு முன் பேப்பரில் பார்த்த போபால் விஷவாயுப் படங்கள் கண்ணுக்குள் வந்து நின்றன.

இன்று முற்றத்தில் ஓட்டெடுப்பு. சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று பெண்கள் சீட்டுப் போட வேண்டிய நாள். ‘நீரு பெட்டி பக்கத்துல சும்மா நின்னாப் போதும் வே, ஒருத்தியும் வேணும்னு போட மாட்டா’ என்று முதலாளி சொல்லியிருந்தார். இனி யார் ஓட்டு, யார் பெட்டி? அங்கே கும்பலாக நின்ற அத்தனை பேரும் இந்நேரம்...

“வெளிய ஒரு சத்தமும் கேக்கலையே, மாரித்தாய்?”

“எப்படி சார் கேக்கும்?”

மேலே கம்பி போட்ட துவாரத்தில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கரைந்தது. முத்துராணி சட்டென்று ஒரு பெட்டி மூடியை விட்டெறிந்தாள். “போ சனியனே! எழவு சொல்ல வந்துட்டு!”

பயமோ, காலையில் குடித்த மோரோ, குமரகுருபரனுக்கு அடிவயிறு முட்டத் தொடங்கியது. காலை மாற்றி மாற்றிப் போட்டார். பல்லைக் கடித்தார். கடைசியில் எழுந்தேவிட்டார்.

“தள்ளுங்கம்மா. செத்தாலும் சரி, நான் வெளிய போயே ஆகணும்.”

“எதுக்கு சார்?”

வெட்கத்தை விட்டுச் சொன்னார். “ஒன்னுக்கு.”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தார்.

“அடக்கிக்கிடுங்க சார்,” என்றாள் மாரித்தாய் பைய. “நாங்க தெனமும் அடக்குதோம்லா? ஒருக்க எந்திரிச்சுப் போனதுக்கு அரை நாள் கூலியப் புடிச்சியளே, அன்னையிலேருந்து.”

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. “உசுரோட வெளிய போனா அதையெல்லாம் மாத்திருதேன், மாரித்தாய். சத்தியமா.”

“நீங்க ஒண்ணும் மாத்த வேண்டாம் சார். பேசாம உக்காருங்க.”

உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது. இப்படியும் ஒரு சாவா என்று நினைத்தபோது, கதவில் யாரோ மெல்லத் தட்டினார்கள். வாட்ச்மேன் தளவாயின் குரல் ஏதோ முணுமுணுத்தது. மாரித்தாய் காதை வைத்துக் கேட்டாள். பிறகு துணியை உருவிப் போட்டுவிட்டுத் தாழில் கை வைத்தாள்.

“தொறக்காத!” குமரகுருபரன் அலறிக்கொண்டு துண்டை மூக்கில் அழுத்தினார்.

கதவு திறந்தது. வெயிலோடு சேர்ந்து குலவைச் சத்தம் உள்ளே வந்தது.

“எங்க நாலு ஓட்டு இல்லாமலே சங்கம் ஜெயிச்சிட்டு சார். இனி நீங்க ஒன்னுக்குப் போலாம்.”