கினிக்கோழிக்கு நேர்காணல்

கோழிப்பண்ணைக் காவலுக்கு ஆள் எடுப்பது கருவாயன் என்ற நாய். அது இதுவரை எடுத்த மூன்று பேரும் நாய்கள்தான். அன்று வந்து நின்றதோ ஒரு கினிக்கோழி.

“எங்கே, ஒரு தடவை குரைச்சுக் காட்டும்மா.”

“க்ராக்... க்ராக்...”

“துருப்பிடிச்ச கதவை முழுங்கிட்டியா?” என்று கருவாயன் இளித்தது.

“மூணு மாசமா வேலை இல்லண்ணே. என்கிட்ட இந்தத் தொண்டைதான் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து வேலியோரம் வந்த நரி, ஓர் எலும்பைத் தூர வீசியது. நான்கு நாய்களும் அதன் பின்னால் பறந்தன. கினிக்கோழி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கத்திய கத்தில் பண்ணைக்காரர் தடியோடு ஓடிவந்தார். நரி வெறும் வாயோடு ஓடியது.

கருவாயன் கவ்வி வந்த எலும்பை மெல்லக் கீழே வைத்தது. “இதைப் பார்த்தும் நீ எப்படிம்மா அசையாம நின்ன?”

“நான் எலும்பு திங்கறதில்லையேண்ணே.”

கருவாயன் அதை ஏற இறங்கப் பார்த்தது.

“நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா. எலும்பு திங்காத கூட்டாளிங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வா.”