நெலிதா பார்க்காத ஆட்டம்

"சத்தியம் பண்ணுக்கா! கடைசி விசில் ஊதுற வரைக்கும் ஆட்டத்தைப் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

"போடா, அம்பது வயசுக் கிறுக்கா! இன்னைக்கு என் தொடரோட கடைசிப் பாகம். உன் பந்து யாருக்குடா வேணும்?" என்றாள் நெலிதா.

எதெல்மீரோவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. எப்படி ஆறும்? சான் எவாரிஸ்தோ ஊர்க் கால்பந்து அணி முப்பத்தோரு வருடம் கழித்து அரையிறுதிக்கு வந்திருக்கிறது. அக்கா நெலிதா உட்கார்ந்து பார்த்த ஒரு ஆட்டத்தில்கூட அந்த அணி ஜெயித்தது கிடையாது. ராசியில்லாதவள் என்று ஊரே அவளுக்கு முத்திரை குத்தி இருபது வருடமாகிறது. அவள் வாசலில் வந்து நின்றாலே தொலைக்காட்சியை அணைத்துவிடுகிற வீடுகள் உண்டு. கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவளுக்கு, ஆட்ட நாள் என்றால் சமையலறைதான்.

பாவமாகத்தான் இருந்தது அவனுக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. கூரை மேலிருந்த டிஷ்ஷிலிருந்து அவள் அறைக்கு இரண்டு கேபிள் இழுத்து, பதிவு செய்கிற புதுப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான்.

"ஒரு சேனல்ல நீ தொடரைப் பாத்து அழுதுக்கிட்டிரு. இன்னொரு சேனல்ல ஆட்டம் தானாப் பதிவாகும். ஜெயிச்சா எல்லாருமா உக்காந்து உனக்குப் போட்டுக் காட்டறோம்."

"தோத்தா?"

"அழிச்சிடுவோம். அந்தத் துக்கம் உனக்கெதுக்கு?"

சரியாக ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தான். திரையில் கல்யாணப்பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியில், பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிம்மதியோடு கூடத்துக்கு ஓடினான். நெலிதா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் அவன் மனைவி இர்மாவும் பக்கத்து வீட்டு ஃபௌஸ்தோவும் ஒரே குடுவையிலிருந்து மாத்தே என்ற மூலிகைத் தேநீரை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது.

"அக்கா பாக்குறா! நிச்சயமா அவ பாக்குறா!" என்று எதெல்மீரோ எழுந்து ஓடினான்.

அறைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

"என்னக்கா ஆச்சு?"

"பேசாமப் போடா! அத்தனை பேரும் மரம் மாதிரி நின்னு வேடிக்கை பாத்தானுங்களே, பாவிங்க!"

ஒரு தொடருக்குப் போய் இப்படியா அழுவாள் என்று அவன் தலையில் அடித்துக்கொண்ட நேரத்தில், கூடமே இடிந்து விழுகிற மாதிரி, "கோஓஓல்!"

அவன் திரும்பி ஓடினான். இர்மாவும் ஃபௌஸ்தோவும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று!

"இந்த நேரம் பாத்தா எழுந்து போவே?" என்றாள் இர்மா.

அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. சமனில் முடிந்தால் எதிரணிதான் இறுதிக்குப் போகும், அதுதான் விதி. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நம் அணிக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. அக்கா அறையிலிருந்து தொம் தொம் என்று சத்தம். எதெல்மீரோ மறுபடி ஓடினான்.

"கட்டிலை உடைக்கிறியாக்கா?"

"கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டே நிமிஷம்தாண்டா இருக்கு!"

"சரி, நான் போறேன்."

"போகாதே! அங்கேயே நில்லு! ஒரு அடி நகராதே!"

"எதுக்குக்கா?"

"கேள்வி கேக்காம நில்லுடா!"

அவன் நின்றான். கூடத்தில் மறுபடி இடி விழுந்தது. ஃபௌஸ்தோ கதறினான்: "கோஓஓல்! தலையால முட்டிட்டான்யா!"

விசில் ஊதியதும் தெருவெல்லாம் கார் ஹாரன். நெலிதா தாழ்ப்பாளைத் திறந்தாள். முகம் சிவந்து, தலைமுடி கலைந்து நின்றாள். ஃபௌஸ்தோ அவள் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டான்.

"தாயே! நீ பாக்காம இருந்த புண்ணியம்!"

"இப்ப உன் முறைக்கா," என்று எல்லாரையும் அவள் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, எதெல்மீரோ பதிவைப் போட்டான்.

கல்யாணப்பெண் அழுதாள். அவன் வேகமாக ஓட்டினான். மாப்பிள்ளை வந்தான். இன்னும் ஓட்டினான். பாதிரியார் வந்தார்.

"ஆட்டம் எங்கக்கா?"

"அதைப் போய் எதுக்குடா பதிவு பண்ணணும்? அதான் முழுசா நேரலையில பாத்துட்டேனே! தொடரைத்தான் இனிமே பாக்கணும். ஓட்டாதே, கதை தெரிஞ்சிடும்."

இர்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணி... நீங்க பாத்துமா ஜெயிச்சோம்?"

"சத்தத்தை அணைச்சிட்டு, தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் பாத்தேன். ரெண்டு கோலையும் என் கண்ணால பாத்தேன்," என்றாள் நெலிதா. "ரெண்டு தடவையும் பாக்காம இருந்தது யாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

இர்மாவும் ஃபௌஸ்தோவும் மெல்லத் திரும்பி எதெல்மீரோவைப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இறுதி ஆட்டத்தின்போது, கூடத்துச் சாய்வு நாற்காலியில் நெலிதா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் எதெல்மீரோவுக்காக ஆட்டம் தானாகப் பதிவாகிக்கொண்டிருக்க, அவன் இன்னொரு சேனலில் பூசணிக்காய் சூப் வைப்பது எப்படி என்று சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தான். சேனலை மாற்ற வழியில்லை, அந்தப் பெட்டியின் ரிமோட் அக்காவின் மடியில் இருந்தது.