புழுதிக் கிரகத்துக்குப் பிறகு

முகம் முழுக்க நுரை. தொண்டைக்குழியில் சவரக்கத்தி. இந்த நேரம் பார்த்துத்தானா 'தூரக்கப்பல்' பேச்சு வர வேண்டும்?

நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கிடந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

'தூரக்கப்பல்' ஐந்து சீசன் ஓடிய விண்வெளித் தொடர். எடுத்தது வேறு மொழியில். டிவியில் நமக்குக் கேட்பது தமிழில். கேப்டன் பேசும் தமிழ் இந்த நாற்காலிக்காரனுடையது. அதனால்தான் எந்தக் கடை ஏறினாலும் அவன் ஊமைச்சாமி. வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும்.

"புழுதிக் கிரகத்துல மாட்டிக்கிட்டான் பாரு, அங்கேயே ஆளை மாத்திட்டாங்க. திரும்பி வந்தவன் டூப்ளிகேட்டு," என்றார் சலூன்காரர்.

"காதுல பூ சுத்தாதீங்க மாஸ்டர்." பெஞ்சில் காத்திருந்த எலக்ட்ரீஷியன் பேப்பரை மடித்து வைத்தான். "டூப்ளிகேட்டுன்னா கப்பல் கதவு அவன் கைரேகைக்கு எப்படித் திறக்குது? அங்கே பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு வந்தவன், முன்ன மாதிரியேவா பேசுவான்?"

இது வருஷக்கணக்காக நடக்கும் வழக்கு. ஒருவர் விடாக்கண்டர் என்றால் மற்றவன் கொடாக்கண்டன். முடி வெட்ட வந்தவர்கள் அரைத் தலையோடு உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.



சலூன்காரர் சொன்ன இடம் அவ்வளவு சரி. புழுதிக் கிரகம் வரைக்கும் கேப்டனுக்குக் குரல் கொடுத்தது நாற்காலிக்காரனுடைய அண்ணன். அந்த எபிசோடைப் பேசி முடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அடுத்த எபிசோடிலிருந்து தம்பி.

குரல் மாறியது வெளியே தெரியக் கூடாது என்பது ஸ்டூடியோ போட்ட கண்டிஷன். அது கிடக்கட்டும். அவனுக்கே ஓர் ஆசை இருந்தது. கேப்டன் பழைய கேப்டனாகப் பேசுகிறவரைக்கும் அண்ணன் முழுசாகப் போய்விடவில்லை என்று தோன்றும்.

அண்ணி அந்தத் தொடரைச் சமையலறையில் இருந்தபடியேதான் கேட்பாள். நல்லாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. கடைசி எபிசோட் ஓடிய அன்று மட்டும், ஸ்டூடியோவில் வேறு வேலையாக இருந்தவனுக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்கு உங்க அண்ணனே பேசின மாதிரி இருந்துச்சு தம்பி."

அதோடு போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் போதும், அன்றிலிருந்து அவன் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறான். அந்த எபிசோடைக்கூட அவன் இன்றுவரை பார்க்கவில்லை. அண்ணன் இடத்தில் தன் குரலைக் கேட்கும் தெம்பு அவனுக்கு எந்த நாளும் வந்ததில்லை.

"குரல்ல என்ன வித்தியாசம்? காட்டுங்க பார்ப்போம்," என்றான் எலக்ட்ரீஷியன்.

"குரல் அதே குரல்தான்ப்பா. பேசுற ஆளுதான் வேற. பழைய கேப்டன் உத்தரவு போடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்க மாட்டான். இவன் இழுப்பான். நாள் பூரா ஜனங்க கழுத்துப் பக்கத்துலயே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நாற்காலிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டான். பிடிபட்டாயிற்று. கோபம் வரவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பையனைப் போல வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு இடம்தான் எனக்குப் பிடிபடல," என்றார் சலூன்காரர். "கடைசி எபிசோட்ல எல்லாரையும் அனுப்பிட்டுக் கதவைச் சாத்துறான் பாரு. அந்த ஒத்தை வரிக்கு மட்டும் பழைய கேப்டன் எங்கேருந்து வந்தான்?"

அந்த வரியா?

அதை எப்படி மறப்பான்? சாகப்போகிற கேப்டனின் கடைசி வார்த்தை. அன்று மத்தியானம் முழுக்க அந்த ஒரு வரிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான், உடைந்து உடைந்துதான் வந்தது. கடைசியில் சவுண்ட் இன்ஜினியர், "போதும், இதுல ஒண்ணு தேறிடும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தார். தேறிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் இருந்தான். அதற்குத்தான் அண்ணி போன் செய்தாள் என்றும்.

"எங்க, போடுங்க கேட்போம்." எலக்ட்ரீஷியன் விடுவதாக இல்லை.

சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தேடிப் பிடித்து, பவுடர் டப்பாவின்மேல் சாய்த்து வைத்தார்.

இயந்திர இரைச்சல். யாரோ ஒரு பெண் அழுகிறாள். பிறகு கேப்டன்.

"நீங்க போங்க. நான் வந்துடறேன்."

மூச்சு இழுக்கவில்லை.

அண்ணன். அண்ணனேதான். முதல் சீசனில் எத்தனையோ தடவை கேப்டன் இதே வார்த்தையைச் சொல்லி ஆட்களை அனுப்பியிருக்கிறான். அதில் ஒன்றை வெட்டி எடுத்து இங்கே ஒட்டிவிட்டார் அந்த இன்ஜினியர். பாவி மனுஷன், இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டான்.

சலூன்காரருக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். கத்தியை எடுத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். ஒரே ஆளா, வேற ஆளா?"

கண்ணோரம் வழிந்தது நுரையில் கலந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க," என்றான்.