பாட்டில்லாத சங்கீர்த்தனம்

சனிக்கிழமையானால் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிக்கொண்டு மருமகன் ஜெரோம் டிக்கோயாவுக்குக் கிளம்பிவிடுவான். கீர்த்தனம் என்றால் பாட்டு என்பது மாமனார் கந்தப்பனுக்குத் தெரியாதா? எவளோ பாட்டுக்காரியிடம் போகிறான், மகள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பின்னாலேயே போனார். மாதா கோயிலில் ஒரு பாட்டுச் சத்தமும் இல்லை. மூலையில் ஒரு திரைக்கு முன்னால் மண்டிபோட்டு, ஜெரோம் யாரிடமோ குசுகுசுத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தவனின் சட்டையைப் பிடித்தார். "உள்ள எவடா?"

"ஃபாதர்தான் மாமா. செஞ்ச பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்."

"அப்ப பாவம் செஞ்சிருக்க!"

"பொய் சொன்னேன் மாமா."

"எம் மககிட்டயா?"

"ஆமா. வாராவாரம்."

"என்னா பொய்டா?"

"நீங்க கசிப்பு குடிக்கிறத வுட்டுட்டீங்கன்னு."

கந்தப்பன் சட்டையை விட்டார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சாமியாருகிட்ட எம் பேரச் சொன்னியா?"