பத்தொன்பது கரிக்கோடுகள்

"சுவரு பூராம் வெள்ளையா அடிச்சா ஆசுபத்திரி கணக்கால்ல இருக்கும் பாப்பா? ஊசி போட மட்டுந்தான் ஆள் வேணும்."

"அதெல்லாம் இருக்காதுண்ணே. வெளிர்மஞ்சள்ல மரப்பலகை, ஒத்த நாற்காலி, சன்னல் நெறைய வெயிலு. வந்து பாருங்க" என்கிறாள் லத்திபா. பெயிண்டர் செல்லப்பாண்டி சிரித்துக்கொண்டே சுவரில் பூசும் பட்டியைக் குழைக்கிறார். மொழிபெயர்ப்பு நாவல்களில் அவள் குடியிருந்த பனிநாட்டு வீடுகள் அப்படித்தான் இருந்தன. உத்தமபாளையத்தின் இந்தப் பழைய வீட்டையும் அப்படி மாற்றச் சொல்லி அத்தாவிடம் அடம்பிடித்தவள் அவள்தான். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயிலில் சுண்ணாம்புத் தூசி மிதக்கிறது. இருவரும் பீரோவை நகர்த்துகிறார்கள். பின்னால், சுவரில், கரிக்கோடுகள். ரமலானில் ஒவ்வொரு நாளும் நோன்பு திறந்ததும் அம்மா அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுப்பாள். அடுத்த வருச நோன்புக்கு முன்பு அவளே வெள்ளையடித்து அத்தனையையும் மறைத்தும் விடுவாள். இந்த வரிசை பத்தொன்பதில் நிற்கிறது. இருபதாம் நோன்பன்று அம்மா இல்லை. அத்தா பீரோவை இங்கே தள்ளிவைத்து ஆறு வருசமாகிறது. கடைசிக் கோடு மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. லத்திபாவின் விரல் அதன் அருகே போய், தொடாமல் நிற்கிறது. செல்லப்பாண்டி தகட்டில் பட்டியை அள்ளிக்கொண்டு வருகிறார்.

"அண்ணே, இந்த ஒரு சாண் எடத்த மட்டும் அப்படியே விட்ருறீகளா?"